சிவப்பு விளக்கு

படகில் நீர் இறைக்கும் பம்பின் சுவிட்சைத் தட்டினால் அதன் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்தது. படகுக்குள் புகுந்த கடல்நீர் மட்டும் குறையவில்லை. படகின் சொந்தக்காரன் மூராத்துக்குக் காரணம் பிடிபடவில்லை.

வயரிங் செய்தவன் தங்கை புருஷன் ஹேதி. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் அடுத்த படகுக்காரன்.

“விளக்கு எரியுதுல்ல? அப்போ பம்பு ஓடுது மச்சான். உங்க படகுதான் கிழடு, எனக்கே வித்துடுங்க!”

மூராத் பேட்டரியைக் கழற்றிவிட்டு சுவிட்சின் மூன்று கம்பிகளையும் சோதித்தான். பேட்டரிக் கம்பியும் ஃபியூஸும் சரி. விளக்கின் மைனஸ் கம்பியும் சரி. பம்புக்குப் போகும் மூன்றாவது கம்பியைத் தொடர்ந்துபோய் அடிப்பலகையைத் தூக்கினான். கம்பி நுனியில் டேப் சுற்றியிருந்தது. பம்பைக் காணோம்.

நேரே ஹேதியின் படகுக்குப் போய் அதன் அடிப்பலகையைத் தூக்கினான். மூராத்தின் பம்பு அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

“விளக்கு எரியப் பம்பே வேணாம்னு தெரிஞ்சுதான செஞ்சே, மாப்பிள்ளை?”

பம்பைக் கொண்டுவந்து பொருத்தினான். இப்போதெல்லாம் சுவிட்சைத் தட்டியதும் அவன் விளக்கைப் பார்ப்பதில்லை. வெளியே தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்க்கிறான்.