சாம்பலா, மஞ்சளா?

"சட்டை நல்லா இருக்குன்னு யாராவது ஒரு பள்ளிக்கூடத்துல சேருவாங்களா?"

"நான் சேருவேன்," என்றாள் மகள்.

சைக்கிள் மெக்கானிக்கான அப்பா மறுபடி வேலையில் இறங்கினார். எதிரே தொங்கிய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். இறுகிய கம்பி 'டிங்' என்றது. தளர்ந்த கம்பி 'டொக்' என்றது. டொக்கென்ற கம்பியைத் தடவிப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

"மனுஷன் பாக்கவே மாட்டேங்கிறாரு, கோட்டம் தானா போயிடுது!" சைக்கிளுக்காகக் காத்திருந்த ரொட்டிக்கடைக்காரர் அசந்துபோனார். "கையில மந்திரம் வச்சிருக்கீங்க."

"மந்திரம் இருந்து என்ன பண்ண? வீட்டுல என் பேச்சு எடுபடலையே. அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. மேட்டுப் பள்ளிக்கூடம் நல்லதா, நம்ம தெருமுனைப் பள்ளிக்கூடம் நல்லதா?"

"என் பொண்ணு தெருமுனையிலதான் படிக்குது. அதை ஏன் கேக்குறீங்க! மேட்டுக்கே அனுப்புங்க."

"கேட்டுக்கோ, வாயாடி!"

வாயாடி என்பது அம்மா வைத்த பெயர். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. போவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எட்டாவது முடிந்ததும் பிள்ளையை மேட்டுப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும். அங்கே நூலகம் உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு, அங்கே படித்தவர்கள் எங்கெங்கோ நல்ல இடத்தில் இருக்கிறார்கள். தெருமுனைப் பள்ளியில் ஜன்னல்களுக்கே கதவு கிடையாது.

மகளுக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. இரண்டு படிவங்களும் பட்டறைப் பலகையில் கிடந்தன. ஏதாவது ஒன்றில் அப்பா கையெழுத்துப் போட்டு, சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

"அம்மா பேச்சையே மீறச் சொல்றியா?"

"அம்மா இப்ப இருந்தா அவங்களே மாத்திச் சொல்லியிருப்பாங்க."

"எதுக்கு? இந்தச் சட்டைக்காகவா?"

"சட்டைக்காகத்தான். ரெண்டு பள்ளிக்கூடத்துச் சட்டையையும் இரவல் வாங்கிட்டு வந்திருக்கேன். போட்டுத் தெருவுல நடந்து காட்டுறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"பள்ளிக்கூடம் சேரப் போறியா, துணிக்கடை வைக்கப் போறியா?" என்று சிரித்தபடி ரொட்டிக்கடைக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

முதலில் மேட்டுப் பள்ளியின் சாம்பல் நிறச் சட்டை. அப்பா கடை வாசலில் வந்து நின்றார்.

மனைவி போன பிறகு தெருவே அவருக்கு ஒரு கனவு மாதிரி ஆகியிருந்தது. வீடுகள் ஓரம் கரைந்து ஒன்றோடு ஒன்று கலந்தன. மரங்கள் பச்சைப் புகையாக நின்றன. ஆட்கள் எங்கிருந்தோ வந்து, பக்கத்தில் ஒரு நொடி முகமாகி, மறுபடி எங்கோ போனார்கள். அந்தக் கனவுக்குள் மகள் இறங்கி நடந்தாள். நாலு வீடு தாண்டவில்லை, தண்ணீரில் விழுந்த சர்க்கரையாகக் கரைந்துபோனாள். வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். செருப்புச் சத்தம் திரும்பி வந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"ஜோரா இருந்துச்சு. பெரிய டாக்டரம்மா மாதிரி."

அடுத்தது தெருமுனைப் பள்ளியின் மஞ்சள். யாரோ ஒரு சுடரைக் கைக்குள் பொத்திக்கொண்டு போவது போல அவள் போனாள். நாலாவது வீடு, தபால் பெட்டி, தையல்கடை. சுடர் சிறுத்ததே தவிர அணையவில்லை. தெருமுனையில் ஒரு பொட்டாக நின்று, இப்படியும் அப்படியும் அசைந்தது. அவர் தன்னை அறியாமல் கையை உயர்த்தி ஆட்டினார். நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தக் கனவு கலையாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, அவர் பட்டறைப் பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"இப்பச் சொல்லுங்க. சாம்பலா, மஞ்சளா?"

ஒரு கணம் மனம் வழுக்கியது. ஆனால் கட்டிலில் கிடந்தவளின் குரல் வந்து இழுத்துப் பிடித்தது.

"சட்டையா சோறு போடப் போகுது? மேட்டுப் பள்ளிக்கூடம்தான். இதுக்கு மேல பேச்சே கிடையாது!"

சொன்ன வேகத்தில் பலகையிலிருந்து படிவத்தை உருவி, கீழ் ஓரத்தை விரலால் தடவி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இந்தா. ஓடிப் போய்க் குடுத்துட்டு வா. உங்கம்மாவுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன்."

மகள் வாங்கிப் பார்த்தாள். வாயாடி வாயை மூடிக்கொண்டிருந்தது அவரை என்னவோ செய்தது.

"என்னம்மா, அப்பா மேல கோவமா?"

"இல்லப்பா." அவள் படிவத்தை மறுபடி பார்த்தாள். "மேலயே பள்ளிக்கூடத்துப் பேரு கட்டைவிரல் பெரிசுக்கு எழுதியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிறது தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு."

நீட்டிய கையை மடக்க மறந்து அவர் அப்படியே நின்றார். மகள் அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா. மஞ்சள் சட்டையில தெருமுனை போறவரைக்கும் உங்க கண்ணுக்கு நான் தெரியறேன்ல, எனக்கு அது போதும்."