பரமானந்தத்தின் என்ஜின் மூடி

இத்தெருவின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி இது: பரமானந்தம் தம் மோட்டார் சைக்கிளின் என்ஜின் மூடியைக் கண்ணாடியாகவே ஆக்கிவிட்டார். எதிர்வீட்டு எட்வின் வாங்கி நிறுத்திய சிவப்பு வண்டியைப் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வயிறும் கொஞ்சம் எரிய வேண்டாமா? எதிர்வீட்டைப் பார்த்த பக்கத்து மூடியின் பெயிண்டைச் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டுத் துடைத்துத் துடைத்தே ஞாயிற்றுக்கிழமைகளைத் தீர்த்தார். எட்வினின் கண் பட்டுவிடக் கூடாதென்று ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்கூடக் கட்டியாயிற்று. எட்வினோ இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பொறுக்கமாட்டாமல் மனைவியைக் கூப்பிட்டார்.

“கோமளா, இங்க வந்து பாரு. எப்படி இருக்கு?”

கோமளா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அடேயப்பா! எட்வின் தம்பி வண்டி இதுல என்னமா ஜொலிக்குதுங்க!”

பரமானந்தம் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். இப்போது அதில் அவர் வீட்டுக் கக்கூஸ் கதவு தெளிவாகத் தெரிகிறது.