இருபத்து மூன்று விதிகள்

"விஷம் குடிச்சா தூக்கம் மட்டும்தான் வரும்னு போட்டுக்கோங்க சார்" என்றாள் டெய்லர் அக்கா.

சர்வேயர் மறுபேச்சில்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். அது இருபத்து மூன்றாவது விதி.

நர்ஸ், தன்னைச் சர்வேயர் வீட்டுக்கு அழைத்து வந்த தன் சொந்த அக்காவின் கணவரை முறைத்தாள். எலக்ட்ரீஷியனான அந்த அத்தான், ஒன்றும் தெரியாதவர் போலப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அரக்கர்களும் மந்திரவாதிகளும் வரும் கதை விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். கதையை நடத்துவது சர்வேயர். ஆபத்து வந்தால் தப்புவதும் மாட்டுவதும் பகடையின் கையில். ஆசை ஆசையாக டியூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தாள் நர்ஸ். மாதத்தில் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. மூன்று மணிக்கு உட்கார்ந்தவள், மணி ஐந்தாகியும் ஒரு வில்லாளியை மட்டும் உருவாக்கியிருந்தாள். வேகம் பதினாறு, பலம் பன்னிரண்டு, புத்தி ஏழு.

"புத்தி ஏழா? நம்ம வீட்டு ஆளுன்னு பார்த்தாலே தெரியுது" என்றார் அத்தான்.

"உங்க மந்திரவாதிக்கு அஞ்சு. அதை முதல்ல பாருங்க அத்தான்."

பாத்திரங்கள் தயார். கதைதான் நகரக் காணோம். நர்ஸ் சர்வேயரிடம் திரும்பினாள்.

"சார், மலையிலேர்ந்து விழுந்தா?"

"கால் சுளுக்கும். எட்டாவது விதி."

"வாளால வெட்டினா?"

"மயக்கம். மூணாவது விதி."

"அரக்கன் அப்படியே முழுங்கிட்டா?"

"ஜீரணம் ஆகாதும்மா, துப்பிடுவான். பதினொண்ணு." நோட்டைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்போ உங்க கதையில எப்படித்தான் சாகறது?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

"உயிர் போற ஆபத்து இருந்தாதானே சார் ஆட்டம்? இந்த விதி எல்லாத்தையும் அடிச்சுடுங்க. பகடை சரியா விழலைன்னா ஆள் காலி. இப்பவே ஆரம்பிக்கலாம்" என்று பகடையை அவர் முன்னால் தள்ளினாள்.

சர்வேயர் அதைத் தொடவில்லை. முகம் வெளுத்துப்போய் எழுந்தார். "டீ போட்டுட்டு வரேன்."

"நீங்க போட்டா வெந்நீர்தான் வரும். இருங்க சார், நானும் வரேன்" என்று டெய்லர் அக்காவும் பின்னாலேயே போனாள்.

நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விளையாட்டுல சாகறதுக்கே அந்த அக்காவுக்கு இவ்வளவு பயமா அத்தான்? அவங்கதான் விதி மேல விதி போட்டு ஆட்டத்தையே கெடுக்கறாங்க. என் லீவு போச்சு."

"பயம் அவங்களுக்கு இல்ல. சாருக்கு" என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "மூணு வருஷம் முன்னாடி இதே மேஜையில ஒருத்தன் விளையாடினான். அவனோட வீரன் செத்துட்டான். பகடை போட்டது சார்தான். இன்னொரு வாய்ப்பு குடுங்கன்னு கெஞ்சினான். விதின்னா விதின்னுட்டார். கோவிச்சுக்கிட்டு பைக்கை எடுத்துட்டுப் போனான். தெரு முனையில லாரி."

நர்ஸ் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் கொன்னுட்டேன்னு சார் ரெண்டு மாசம் யார் முகத்துலயும் முழிக்கல. டெய்லர் அக்காதான் வந்து கதவைத் தட்டி, யாருமே சாகாத மாதிரி விதி போடுவோம் வாங்கன்னு உட்கார வச்சாங்க. அன்னையிலேர்ந்து எப்பக் கூடினாலும் விதி மட்டும்தான். கதையை ஆரம்பிக்க இன்னும் அவருக்கு மனசு வரல."

சமையலறையிலிருந்து டெய்லர் அக்காவின் குரல் கேட்டது. "தண்ணியில விழுந்தா மிதக்கணும் சார். மறக்காம எழுதிக்கோங்க."

நர்ஸ் பகடையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாவம் சார். அந்தப் பையன் அவருக்கு என்ன உறவு அத்தான்?"

"சாருக்கு ஒரு உறவும் இல்ல" என்றார் அத்தான். "டெய்லர் அக்காவோட கூடப்பிறந்த தம்பி."