தேவமணி சார் காட்டிய மலை

"என்ன தெரியுது சார்? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

ஹெலிகாப்டரின் இரைச்சலுக்குள் தேவமணியின் காதோரம் குனிந்து கேட்டார் முகம்மது சுல்தான். பேட்டையில் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறைக்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் கேஸ் சிலிண்டர் வெடித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. வானத்தில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

பாளையங்கோட்டை மைதானத்தில் மூன்று நாள் ஹெலிகாப்டர் சவாரி என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முதலில் மேற்கே பாபநாசம் மலை, அப்புறம் கிழக்கே திருச்செந்தூர்க் கடல். இரண்டையும் காட்டிவிட்டு முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார்களாம். தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அது பெரிய அதிசயம்.

தேவமணிக்குப் பதில் சொல்ல ஆசைதான். ஆனால் அவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவர். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, சீவலப்பேரியில் சிற்றாற்றைச் சேர்த்துக்கொண்டு, கடலில் போய் விழுகிற வரைக்கும் கை எடுக்காமல் கரும்பலகையில் வரைந்துவிடுவார். அந்த ஆற்றை சார் மேலேயிருந்து பார்க்கட்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக் கொடுத்த டிக்கெட் இது. மொட்டைமாடிச் சுவர் ஓரமாகப் போனாலே தனக்குக் கால் நடுங்கும் என்பதை அவர் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. இப்போது எப்படிச் சொல்வது? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டிய பிள்ளைகளைப் பார்த்து அவரும் கையாட்டிவிட்டு ஏறினார். பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னது காதில் ஏறவில்லை. தரையை விட்டதும் மூடிய கண்தான்.

சுல்தான் மறுபடியும் கேட்டார். தேவமணி வாயைத் திறந்தார். வகுப்பில் சொல்கிற பாடம் தானாக வந்தது.

பாபநாசம் அணை தெரிகிறது என்றார். மேலே பாணதீர்த்தம் வெள்ளை நூல் தொங்குகிற மாதிரி விழுகிறது என்றார். தண்ணீர் என்ன நிறம் என்று சுல்தான் கேட்டார். கரும்பச்சை என்றார். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். மலைக்கு அந்தப் பக்கமும் மலைதான், அடுக்கடுக்காகக் கேரளா வரைக்கும் போகிறது என்றார். சொல்லச் சொல்ல சுல்தான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இறங்குகிற வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை.

கீழே பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். தேவமணியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்து வீட்டுக்கு வந்தார்.

பயந்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. பயம் யாருக்குத்தான் இல்லை? கண் இருக்கிற ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு, கண் இல்லாத மனுஷனிடம் இதைப் பார்க்கிறேன், அதைப் பார்க்கிறேன் என்று அளந்துவிட்டானே, அதுதான் அறுத்தது. சனிக்கிழமை சாயங்காலம் மனைவி சாலோமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் சிரிப்பாள் என்றுதான் நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"பிள்ளைககிட்ட அப்புறம் சொல்லிக்கிடலாம். மொதல்ல அந்த மனுசன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேட்டைக்கு பஸ் ஏறினார். பட்டறைக்கு வெள்ளிதான் லீவு என்பதால் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை என்றால், நாலைந்து பேர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு சுல்தானைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் பாணதீர்த்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளை நூல், கரும்பச்சைத் தண்ணீர், கேரளா வரைக்கும் அடுக்கடுக்காக மலை. எல்லாம் தேவமணியின் வார்த்தைகள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

தேவமணிக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. அதற்குள் யாரோ, ஒரு சார் வந்து நிற்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். தேவமணி வணக்கம் சொன்ன குரலைக் கேட்டதுமே சுல்தான் எழுந்துவிட்டார். இவர்தான் எனக்குக் கண்ணாக இருந்து காட்டியவர் என்று எல்லோரிடமும் சொல்லி, டீ வாங்கிவரச் செய்தார். ஆட்கள் கைகட்டி நின்று தேவமணியை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கலைந்தார்கள். சுல்தானும் அவரும் மட்டும் மிச்சம்.

"பாய், நான் உங்கள ஏமாத்திட்டேன்" என்றார் தேவமணி. "ஏறுனதுலேர்ந்து எறங்குத வரைக்கும் நான் கண்ணையே தொறக்கல. அவ்வளவு பயம். உங்களுக்குச் சொன்னதெல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான். ஒண்ணுகூட நான் பாக்கல."

சுல்தான் காற்றில் துழாவி, தேவமணியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"தெரியும் சார். மலையில மேகம் அடைஞ்சு கெடக்கு, இன்னைக்கு கடலுக்கு மட்டுந்தான் போவோம்னு ஏறும்போதே அந்தக் கம்பெனி ஆளு சொல்லிட்டாருல்லா. நீங்க பாபநாசம் அணையச் சொல்லுத நேரம், நம்ம திருச்செந்தூர்க் கடலுக்கு மேல பறந்துக்கிட்டு இருந்தோம். அந்த மலை, எனக்குன்னு நீங்க தனியாக் காட்டுனது."