சங்கிலியடி பட்ட பலகை

போன வாரம்தான் மரக்கடையிலிருந்து வந்த பலகை அது. கையால் செய்த குட்டித் தோணி ஒன்றை அதன்மேல் பொருத்திச் சுவரில் மாட்டி வைப்பதற்காக அந்தப் பலகையைச் சங்கிலியால் அடித்து, நெருப்பில் வாட்டி, டீ டிகாஷன் பூசிக் கிழடாக்கினார்கள். எதற்கு இந்த அடியென்று பலகைக்கு ஒன்றுமே புரியவில்லை.

மேலே வந்து உட்கார்ந்த தோணி பயபக்தியோடு கேட்டது: "ஐயா, எத்தனை புயல் பார்த்திருப்பீங்க?"

"நான் கடலையே பார்த்ததில்லப்பா."

"பெரியவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்றது தோணி.

பலகை குழம்பிப்போய்த் தன் தழும்புகளைப் பார்த்தது. இத்தனை தழும்பு சும்மாவா வந்திருக்கும்? ஒருவேளை எல்லாம் மறந்துதான் போச்சோ?

"ஒரு தடவை, ஐப்பசியில..." என்று மெல்ல ஆரம்பித்தது.

பழசாகத் தெரியவேண்டுமென்று உப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் துருவேற்றி, பலகையில் அறைந்திருந்த புது ஆணி உடனே சொன்னது:

"ஆமாண்ணே, அன்னிக்கு நானும் கூடத்தானே இருந்தேன்!"