காந்தம் காட்டிய வேலை

பொம்மை விமானத்துக்குள் ஒரு ரிசீவர் இருந்தது. தரையிலிருந்து ரிமோட் சொல்வதைக் கேட்டு நடத்துவது அதன் வேலை. ஒருநாள் நடுவானில் அது கண்ணயர்ந்துவிட, விமானம் வேப்பமரத்தில் போய் மோதியது.

“பக்கத்துல காந்தத்தை வச்சா எனக்கு எப்படிக் காது கேக்கும்?” என்றது ரிசீவர்.

“நான் பேட்டரி மூடியைத்தானே பிடிச்சிட்டிருக்கேன்,” என்றது காந்தம்.

“இரும்பையே இழுக்கிறவன், ரிமோட் பேச்சை மட்டும் விட்டுவைப்பானா?” என்று பேட்டரியும் ஒத்து ஊதியது.

விமானத்துக்காரருக்கும் அதே சந்தேகம். காந்தத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் உயரே போனதும் மூடி பறந்தது. பேட்டரி நழுவி வெளியே விழ, விமானமும் தலைகுப்புற இறங்கியது.

கூடவே விழுந்துகொண்டிருந்த பேட்டரியிடம் ரிசீவர் சொன்னது: “பாத்தியா, வீட்ல உட்கார்ந்துக்கிட்டே வேலையைக் காட்டிட்டான்.”