ஒரு சறுக்கு, இரண்டு பேர்

லங்காவித் தீவில் யோகேஸ்வரி தன் உடம்பைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவந்தாள். ஊர்சுற்ற முடியாதவர்கள் வீட்டில் படுத்தபடியே அவளுக்குள் வந்து, அவள் கண்ணால் பார்ப்பார்கள், அவள் வாயால் பேசுவார்கள். அன்று வந்தவர் தூத்துக்குடி ஞானதுரை. லாரி விபத்துக்குப் பிறகு அவர் நடந்ததே இல்லை.

அருவிக்கு ஏறியதும் பாசி படிந்த சறுக்குப் பாறையைப் பார்த்துவிட்டார்.

“தங்கச்சி, ஒரே ஒரு தடவ சறுக்குவோமா?”

“வேணாம்லா அண்ணே! இங்கயே பொறந்தவ நான், இதுவரைக்கும் சறுக்குனதில்ல. பயம்.”

“அதான் நெஞ்சு இந்த அடி அடிக்குதா? இது ஒன் பயமா, எம் பயமா?”

ஒரே வாய் மாறிமாறிப் பேசுவதைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் வாய்பிளந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சேர்ந்து சிரித்ததில் கால் வழுக்கியது.

“ஏ யாத்தீ!” என்று அலறிக்கொண்டே இருவரும் பாறை முழுக்கச் சறுக்கிச் சுனைக்குள் விழுந்தார்கள். மூக்கெல்லாம் தண்ணீர்.

“இன்னொரு தடவ!” என்று வாய் கத்தியது.

“அண்ணே, சும்மா இருங்க,” என்றாள்.

“நான் எங்க பிள்ள கத்துனேன்? கத்துனது நீயில்லா!”

யோகேஸ்வரி முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுச் சுனையிலிருந்து ஏறினாள். பிறகு ஈரத்தோடு, அவரையும் சுமந்துகொண்டு பாறைக்கு ஓடினாள்.